24 வாரம் என்றால் ஆறாம் மாதமா, ஏழாம் மாதமா? வீட்டில் ஆளுக்கொரு கணக்கு

கேள்வி: அம்மாப்பேட்டை மருமகள்

அனைவருக்கும் வணக்கம். இது எனக்கு முதல் கர்ப்பம். சேலம் அம்மாப்பேட்டையில் கணவர் வீட்டில் இருக்கிறேன். தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அம்மா வீடு ஏற்காட்டில் இருக்கிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாள் 2025 ஜூன் 12, வியாழக்கிழமை. மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி 2026 மார்ச் 19. இன்று நவம்பர் 27. காலையில் பரிசோதனைக்குப் போனபோது என் அட்டையில் "24 வாரம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அது எத்தனையாவது மாதம் என்று செவிலியரைக் கேட்டேன். "நாங்கள் வாரம்தான் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டிலோ ஆளுக்கொரு கணக்கு. 24ஐ நான்கால் வகுத்தால் ஆறு, ஆகவே ஆறு மாதம் முடிந்து இன்று முதல் ஏழாம் மாதம் என்கிறார் கணவர். வைகாசி கடைசியில்தான் நான் தலைக்குக் குளித்தேன் என்பதால், வைகாசியை முதல் மாதமாக வைத்துக் கார்த்திகை ஏழாம் மாதம் என்று அத்தை எண்ணுகிறார். மார்கழி பிறப்பதற்குள் வளைகாப்பை முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய அவசரம். நாள் தள்ளிப்போனது ஆனியில் என்பதால் ஆனியிலிருந்துதான் எண்ண வேண்டும், அப்படியானால் கார்த்திகை ஆறாம் மாதம்தான் என்கிறார் அம்மா. கைப்பேசிச் செயலியோ ஐந்து மாதம் பதினைந்து நாள் என்று காட்டுகிறது. போதாக்குறைக்கு 20ஆம் வாரத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையின் அடியில் பிரசவத் தேதி மார்ச் 24 என்று அச்சாகியிருக்கிறது.

இதில் எது சரியான கணக்கு? வளைகாப்பு, அலுவலக விடுப்பு, அம்மா வீட்டுக்குப் போவது ஆகிய மூன்றையும் இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: தறிக்கூடம்

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி, சகோதரி. மொத்தம் 40 வாரம், மாதத்துக்கு நான்கு வாரம், ஆகப் பத்து மாதம். பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? உங்கள் அத்தையின் கணக்கும் ஏழு என்றே வருகிறது. பிறகென்ன, கார்த்திகையிலேயே நல்ல நாள் பார்த்து வளையல் அடுக்கிவிடுங்கள்.

பதில்: அஸ்தம்பட்டி கணக்கு வாத்தியார்

தறிக்கூடம் தம்பி சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான்கு வாரம் சேர்ந்தால் 28 நாள்தான். ஆனால் நாம் வாழ்கிற நாள்காட்டியில் பிப்ரவரியைத் தவிர எந்த மாதமும் 28 நாளில் முடிவதில்லை. ஒரு மாதத்தின் சராசரி நீளம் ஏறத்தாழ முப்பதரை நாள், அதாவது நான்கு வாரமும் இரண்டு மூன்று நாளும். தறிக்கூடத்தில் வாரக் கூலி வாங்குகிறவருக்கு ஆண்டுக்கு 48 கூலி வருகிறதா, 52 வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். நான்கால் வகுக்கிறவர் விட்டுவிடுவது அந்த நான்கு வாரத்தைத்தான். முதல் மாதத்தில் இந்தப் பிசகு இரண்டு நாள் என்பதால் யார் கண்ணிலும் படாது. ஆறாம் மாதத்துக்கு வரும்போது அது இரண்டு வாரமாகிவிடுகிறது. இந்தப் பெண்ணின் வீட்டில் இப்போது நடக்கிற வாக்குவாதம் முழுவதும் அந்த இரண்டு வாரத்தைப் பற்றியதுதான்.

அம்மா, உங்கள் தேதியையே வைத்துக் கணக்குப் போட்டுவிடுவோம். ஜூன் 12இல் தொடங்கியதால் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி வரும்போது உங்களுக்கு ஒரு மாதம் முடிகிறது. ஜூலை 12இல் ஒரு மாதம் முடிந்தது. அன்று 4 வாரமும் 2 நாளும் ஆகியிருந்தன. செப்டம்பர் 12இல் மூன்று மாதம், 13 வாரம் 1 நாள். நவம்பர் 12இல் ஐந்து மாதம், 21 வாரம் 6 நாள். வருகிற டிசம்பர் 12இல்தான் ஆறு மாதம் முடியும். அன்று 26 வாரம் 1 நாள் ஆகியிருக்கும். ஜனவரி 12இல் ஏழு மாதம், 30 வாரம் 4 நாள். பிப்ரவரி 12இல் எட்டு மாதமும் 35 வாரமும் சரியாக ஒரே நாளில் முடிகின்றன. மார்ச் 12இல் ஒன்பது மாதம், 39 வாரம். அதற்கு மேல் ஒரு வாரம் கூட்டினால் 40 வாரம், மார்ச் 19. ஆகவே இன்று உங்களுக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறாம் மாதம் நடந்துகொண்டிருக்கிறது. செயலி சொல்வது சரியே.

வீட்டில் பேசும்போது "முடிந்த மாதமா, நடக்கிற மாதமா" என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஐந்து என்றும் மற்றவர் ஆறு என்றும் சொல்லி இருவர் சொல்வதும் சரியாக இருப்பது இதனால்தான். வாரத்திலும் இதே குழப்பம் உண்டு: அட்டையில் 24 வாரம் என்றிருந்தால் 24 முடிந்துவிட்டது, இன்று தொடங்கியது 25ஆவது வாரம். உங்களுக்கு நினைவில் வைத்துக்கொள்ள எளிதான ஒரு வசதியும் இருக்கிறது. ஜூன் 12 வியாழக்கிழமை என்பதால் ஒவ்வொரு வியாழனும் உங்களுக்கு ஒரு வாரம் கூடும். 280 நாள் ஏழால் மீதியின்றி வகுபடுவதால் பிரசவத் தேதியும் வியாழனாகவே அமைந்திருக்கிறது.

பிரசவத் தேதியைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்தும் வழி, நெகலே என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, பிறகு ஒன்பது மாதத்தைக் கூட்டினால் தேதி வந்துவிடும். பத்து மாதம் என்பது 28 நாள் மாதத்துக்குப் பொருந்தும். நாள்காட்டி மாதத்தில் அது ஒன்பது மாதமும் ஒரு வாரமும்தான். உங்கள் அம்மாவின் எண்ணிக்கையைப் பாருங்கள்: ஆனியில் தொடங்கினால் பங்குனி பத்தாவது மாதம், மார்ச் 19 பங்குனி 5ஆம் நாள். பத்தாவது மாதம் பிறந்த ஐந்தாம் நாள் அது. முழுதாகப் பத்து மாதம் அல்ல. அத்தையின் வழியில் வைகாசி முதல் எண்ணினால் பங்குனி பதினொன்றாவது மாதமாகிவிடும். வைகாசியில் மிச்சமிருந்த மூன்றே நாளுக்காக ஒரு முழு மாதத்தைச் சேர்த்துவிட்டார். இதை அவரிடம் பக்குவமாகச் சொல்வது உங்கள் கணவரின் பொறுப்பு.

பழைய கணக்கை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குச் சேலமே கூடும்போது புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொள்வதற்கு, ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவமாகும் என்று காரணம் சொல்வார்கள். கருத்தரித்த நாளிலிருந்து பிரசவத்துக்கு 266 நாள் என்று வைத்துப் பார்த்தால், ஆடி முதல் தேதிக்கு ஏப்ரல் 9ஐ ஒட்டியும் ஆடிக் கடைசிக்கு மே 9ஐ ஒட்டியும் வருகிறது. பென்சிலும் தாளும் இல்லாமல் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வருகிறது.

பதில்: மலைச் செவிலி

வணக்கம் அம்மா. நான் சேர்வராயன் மலை ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாத்தியார் ஐயா மாதக் கணக்கைத் தெளிவாக்கிவிட்டார். நாங்கள் ஏன் மாதத்தை விட்டுவிட்டு வாரத்தைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரத்தில் வயிற்றில் கருவே கிடையாது. 28 நாளுக்கு ஒரு முறை மாதவிடாய் வருகிற பெண்ணுக்கு 14ஆம் நாளை ஒட்டித்தான் கருமுட்டை வெளிவரும். ஆனாலும் கரு உருவான நாள் பெரும்பாலோருக்குத் தெரியாது, மாதவிடாய் வந்த நாள் தெரியும் என்பதால், உலகம் முழுவதும் அந்த நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் 40 வாரம். கருவின் உண்மையான வயது 38 வாரம். உங்களுக்கு 28 நாள் அல்லாமல் 35 நாளுக்கு ஒரு முறைதான் மாதவிடாய் வரும் என்றால் பிரசவத் தேதி ஒரு வாரம் தள்ளிப்போகும். அதனால்தான் முதல் முறை வரும்போதே எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும், தவறாமல் வருமா என்று கேட்கிறோம்.

மலையில் அந்த முதல் நாளைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தேதி கேட்டால் தெரியவில்லை. பழம் பறிக்க ஆரம்பித்த பிறகா, முன்பா என்று கேட்டேன், பிறகு என்றாள். முதல் கூலி வாங்கின பிறகா, இரண்டாவது கூலி வாங்கின பிறகா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, இரண்டாவது கூலி வாங்கின சனிக்கிழமைக்கு மறுநாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதாகச் சொன்னாள். தோட்டத்துக் கணக்கில் அந்தச் சனிக்கிழமையைத் தேடி எடுத்து, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு நாளைக் கழித்து வெள்ளிக்கிழமை என்று அட்டையில் எழுதினேன். ஏனென்றால் நம் பெண்களுக்கு நினைவில் நிற்பது தலைக்குக் குளித்த நாள். எங்களுக்கு வேண்டியது உதிரம் பட்ட முதல் நாள். இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று நாள் இருக்கும். சேர்வராயன் கோயில் திருவிழா, ஆடிப் பதினெட்டு, தீபாவளி என்று எதையாவது பிடித்துக்கொண்டுதான் இப்படி ஒவ்வொரு தேதியையும் எழுதி வந்தோம்.

மாதத்தில் சொன்னால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். சில பரிசோதனைகளுக்கு வாசல் திறந்திருக்கும் காலம் மிகக் குறுகியது. கழுத்துப் பின்புறத் தடிப்பை அளக்கும் என்.டி. ஸ்கேனை 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். மூன்றாம் மாதம் என்று சொல்லி அனுப்பினால் ஒருத்தி 9ஆம் வாரத்தில் வந்து நிற்பாள், இன்னொருத்தி 15ஆம் வாரத்தில் வந்து நிற்பாள். குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்லிச் சர்க்கரை பார்ப்பது 24 முதல் 28 வாரத்துக்குள். உங்களுக்கு அந்தக் காலம் இன்றுதான் தொடங்கியிருக்கிறது. டிசம்பர் 25க்குள் முடித்துவிடுங்கள். அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் 12 வாரத்துக்குள் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. மூன்று மாதத்துக்குள் என்று நினைத்துச் சாவகாசமாக வருகிறவர்களுக்கு ஒரு வாரம் கடந்துபோயிருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கடைசிக் கட்டம். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் அது குறைமாதப் பிரசவம். 37, 38ஆம் வாரத்துக் குழந்தையும் 39, 40ஆம் வாரத்துக் குழந்தையும் மருத்துவர் கண்ணுக்கு ஒன்றல்ல; 39 முடிந்ததைத்தான் முழு வளர்ச்சி என்கிறார்கள். உங்கள் கணக்கில் 37 முடிவது பிப்ரவரி 26, 39 முடிவது மார்ச் 12. இரண்டுக்கும் இடையே இருப்பது இரண்டே வாரம். வீட்டுக் கணக்கில் இந்த இரண்டும் ஒன்பதாம் மாதம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று சொல்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அது உண்மையல்ல. 34ஆம் வாரத்துக் குழந்தையின் நுரையீரல் 30ஆம் வாரத்துக் குழந்தையின் நுரையீரலை விடத் தேறியதாகவே இருக்கும். கூடுதலாக வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நன்மைதான்.

ஸ்கேன் தேதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரை உள்ள நீளத்தை அளப்பார்கள். அந்த வயதில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் அதுதான் நம்பகமான அளவு. அதற்குப் பிறகு தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றைப் பார்த்து இயந்திரம் ஒரு வாரத்தை மதிப்பிடுகிறது. குழந்தை சற்றே சிறியதாகவோ பெரியதாகவோ இருந்தாலும் அச்சாகிற தேதி மாறும். 20 வாரத்தில் ஐந்து நாள் வித்தியாசம் என்பது தேதியை மாற்றுகிற அளவு அல்ல. பத்து நாளுக்கு மேல் போனால்தான் யோசிப்பார்கள். உங்கள் முதல் ஸ்கேனும் மார்ச் 19ஐ ஒட்டியே இருந்தால் அதுவே கடைசி வரை உங்கள் தேதி. அடுத்தடுத்த ஸ்கேனில் வேறு வேறு தேதி அச்சாகும், பொருட்படுத்த வேண்டாம்.

பதில்: அலுவலகத் தோழி

விடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அக்கா. முதல் குழந்தைக்குச் சட்டப்படி கிடைப்பது 26 வாரம். அதில் பிரசவத் தேதிக்கு முன்னால் 8 வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. மார்ச் 19இலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 22. அதற்கு முன்னால் எடுக்கிற நாள் எல்லாம் உங்கள் சொந்த விடுப்புக் கணக்கில்தான் போகும். எட்டு வாரத்தையும் முன்னாலேயே எடுத்துவிட்டால் குழந்தையோடு இருக்க 18 வாரமே மிஞ்சும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மனிதவளப் பிரிவுக்குக் கொடுக்கும் கடிதத்தில் "எட்டாம் மாதத்திலிருந்து" என்று எழுதாமல் தேதியையே எழுதிவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மாதத்தைக் குறிப்பிட்டு எழுதி, சம்பளப் பட்டியல் போடும் நாள் வரை கேள்வியும் பதிலுமாகக் கடிதப் போக்குவரத்து நடந்தது.

கேள்வி கேட்டவர்: அம்மாப்பேட்டை மருமகள்

அனைவருக்கும் மிக்க நன்றி. முதல் ஸ்கேனை எடுத்துப் பார்த்தேன். மார்ச் 18 என்றிருக்கிறது. வாத்தியார் ஐயா சொன்னபடி தேதிகளை எழுதிக் கணவரிடமும் அத்தையிடமும் காட்டினேன். நடக்கிற மாதமாக எண்ணினால் ஏழாம் மாதம் டிசம்பர் 12 முதல் ஜனவரி 12 வரை என்பதால், கிட்டத்தட்ட முழுவதும் மார்கழியிலேயே விழுகிறது. அத்தை மார்கழியில் செய்யச் சம்மதிக்கமாட்டார். ஒன்பதாம் மாதம் பிப்ரவரி 12 முதல் மார்ச் 12 வரை, அதாவது மாசி. அதில் வைத்துக்கொண்டு, வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா என்னை ஏற்காட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று பேச்சு ஓடுகிறது. இது சரிவருமா?

பதில்: மலைச் செவிலி

அம்மா, வளைகாப்பை எந்த மாதத்தில் வைத்துக்கொள்வது என்பது உங்கள் வீட்டு வழக்கம். அதில் நான் தலையிடமாட்டேன். கார்த்திகையில் இன்னும் நாள் இருக்கிறது, அத்தைக்கு அது திருப்தி என்றால் இப்போதே செய்தாலும் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. மாசிதான் என்றால் பிப்ரவரி 13க்கும் 20க்கும் இடையே, 36 வாரம் முடிகிற சமயத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் நெடுநேரம் உட்காரவைக்காமல் சீக்கிரம் எழுப்பிவிடச் சொல்லுங்கள்.

ஆனால் அதன் பிறகு மலைக்குப் போவது வேண்டாம். வழக்கத்தை மாற்றச் சொல்வதாக உங்கள் அம்மா வருத்தப்படலாம். அவரைக் கீழே வரச் சொல்லுங்கள். மலை ஊர்களிலிருந்து வருகிற பெண்களையே 37 வாரத்துக்கு முன்பு சேலத்தில் உறவினர் வீட்டில் வந்து தங்கச் சொல்லித்தான் நாங்கள் வற்புறுத்துவோம். நீங்கள் அந்த நேரத்தில் மேலே ஏறுவது தலைகீழ். குறித்த தேதியிலேயே பிறக்கிற குழந்தை இருபதில் ஒன்றுதான். மார்ச் 19 என்று எழுதியிருந்தாலும் அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு எந்த நள்ளிரவிலும் வலி எடுக்கலாம். அந்த நேரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவைப் பனிமூட்டத்தில் இறங்குவது உங்களுக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் கஷ்டம்.

அம்மா வீட்டில் இருந்தே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால் இப்போதே போய்விட்டு வாருங்கள். 24 முதல் 28 வாரம் வரை பெரும்பாலோருக்கு உடம்பு இலேசாக இருக்கும் காலம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வளைவுகளில் மெதுவாக ஓட்டச் சொல்லிப் போகலாம். சர்க்கரைப் பரிசோதனையை முடித்துவிட்டுப் போவது நல்லது. அட்டையையும் முதல் ஸ்கேன் அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மேலே இருக்கும்போது உதிரம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, தலைவலியோடு முகமும் கையும் வீங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ, எத்தனையாவது வாரம் என்று எண்ணிக்கொண்டிருக்காமல் 108ஐ அழைத்துக் கீழே இறங்கிவிடுங்கள்.